தேக்கில் உளிக் காடி: பூஜை அலமாரி வேலைக் குறிப்பு

வேலை இதுதான். சுவரில் மாட்டும் பூஜை அலமாரி ஒன்று: மூடுபலகை நீங்கலாக உயரம் 900 மி.மீ., அகலம் 600, ஆழம் 280. இரண்டு பக்கப் பலகை, மூன்று தட்டு, மேலே ஒரு மூடுபலகை, பின்னால் 6 மி.மீ. பிளைவுட். பித்தளை விக்கிரகங்களும் விளக்கும் ஏறும் அலமாரி என்பதால் தட்டுகள் திருகாணியை நம்பித் தொங்கக் கூடாது. பக்கப் பலகையில் வெட்டிய காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், உட்கார வேண்டும். பின்பலகையும் மேலிருந்து தன் காடிக்குள் இறங்க வேண்டும். காடி எதுவும் முன்பக்கம் தெரியக் கூடாது, அதாவது முன் ஓரத்துக்கு 12 மி.மீ. முன்னாலேயே நின்றுவிட வேண்டும்.

இடம் தில்லி. டி.டி.ஏ. (தில்லி வளர்ச்சி ஆணையம்) ஃபிளாட்டின் பால்கனி, மேலும் கீழும் குடித்தனம். மின்சாரத்தில் காடி வெட்டும் ரவுட்டர் மெஷினின் சத்தமும் தூசியும் அங்கே ஒத்துவராது. அது இருந்தாலும் நின்றுபோகும் காடியின் முனை வட்டமாகத்தான் வரும், அதைச் சதுரமாக்க உளியைத்தான் எடுக்க வேண்டும். தட்டுகளுக்கு, நாருக்குக் குறுக்கே ஆறு குறுக்குக் காடி; பின்பலகைக்கு, நார் வழியே இரண்டு நெடுக்குக் காடி. மொத்த நீளம் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கையால் செய்துவிடலாம்.

முழு வேலைக்கும் அடிப்படை ஒன்றுதான். காடியின் அகலத்தை முடிவு செய்வது உளி இல்லை, கத்தி. கோட்டில் இருக்கும் நாரைக் கத்தியால் முதலில் அறுத்துவிட வேண்டும். அறுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருப்பதைக் கிளப்பி எடுப்பதுதான் உளியின் வேலை. இந்த வரிசை மாறினால் காடியின் விளிம்பு பல் பல்லாகப் பெயரும்.

கடையில் கேட்கும் பெயர்கள்

தில்லிக் கடையில் "சேனி" என்று கேட்டால் கல்லும் இரும்பும் வெட்டும் உளியை எடுத்து வைப்பார்கள். மரத்துக்கானது "சோர்ஸி", சிலர் "ருக்கானி" என்பார்கள். மூலைமட்டம் "குனியா", இழைப்புளி "ரந்தா", ஓரத்துக்கு இணையாகக் கோடிழுக்கும் மார்க்கிங் கேஜ் "கத்கஷ்", காடி "ஜிரி". நம் ஆசாரிகள் நூல் என்று சொல்லும் எட்டில் ஒரு பங்கு இஞ்ச் இங்கே "சூத்". அந்தச் சொல்லுக்கும் நூல் என்றுதான் பொருள். ஆகவே ஆறு சூத் சோர்ஸி என்று கேட்டால் ஆறு நூல் உளி, 19 மி.மீ., கைக்கு வரும். சாவ்ரி பஜாரில் இவை எல்லாமே கிடைக்கும். மரத்துக்குக் கீர்த்தி நகர்.

இந்த வேலைக்கு மூன்று உளி போதும். 19 மி.மீ. ஒன்று, 12 மி.மீ. ஒன்று; இவை இரண்டும் ஓரம் சாய்த்த பெவல் எட்ஜ் வகை. மூன்றாவது 6 மி.மீ.; அது பக்கங்கள் நேராக இருக்கும் ஃபர்மர் வகையாக இருக்க வேண்டும். ஒடுங்கிய நெடுக்குக் காடியில் நேரான பக்கங்கள் சுவரைத் தொட்டுக்கொண்டே போவதால் உளி திரும்பாது. ஓரம் சாய்த்த உளி அங்கே கைக்குள் சுழன்றுவிடும்.

மற்றவை: ஷீஷம் கொட்டாப்புளி, நேர்வெட்டுக்கு 250 மி.மீ. டெனான் ரம்பம், மூலைமட்டம், பலகையை இறுக்கிப் பிடிக்க நான்கு ஜி கிளாம்ப், கத்தி. கத்திக்கு உடைந்த ஹாக்சா பிளேடே நல்லது. நுனியைச் சாய்வாக உடைத்து, ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்து, மறுபக்கத்தைத் தட்டையாக விட வேண்டும். அந்தத் தட்டைப் பக்கம்தான் மூலைமட்டத்தை உரசிப் போகும். இரண்டு பக்கமும் சாய்த்த காய்கறிக் கத்தி மட்டத்தை விட்டு விலகும்.

மரம்

சி.பி. தேக்கு, அதாவது மத்திய இந்தியத் தேக்கு. இழைத்து முடித்த கனம் 20 மி.மீ., அறுத்த பலகையாக 25 மி.மீ. வாங்க வேண்டும். எல்லாத் துண்டுக்கும் சேர்த்து ஒரு கன அடியைக் கொஞ்சம் தாண்டும். வெளிறும் முடிச்சும் கழிய ஒன்றரை கன அடி எடுத்தால் நெருக்கடி இல்லை. 280 மி.மீ. அகலத்துக்கு இரண்டு பலகையை ஓரம் சேர்த்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அறுக்கக் கூடாது. இரண்டு வாரமாவது, நடுவில் ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் போகும்படி அடுக்கி வைக்க வேண்டும். ஏர் கூலர் ஓடும் அறை கூடாது. அந்த அறையின் ஈரம் மரத்தில் ஏறி, பிறகு வேறு அறையில் இறங்கும்போது பலகை வளையும். குளிர்காலத்தில் பால்கனி வெயிலில் ஒரு முகம் மட்டும் காயும்படி சாய்த்து வைத்தாலும் இதே கதைதான். வளைந்த பலகையில் காடியின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும், அதைப் பிறகு எதனாலும் சரிசெய்ய முடியாது.

தீட்டுதல்

தேக்கில் மணல் சத்தான சிலிக்கா இருக்கிறது. பார்ப்பதற்கு மெதுவான மரம், ஆனால் உளியின் வாயைச் சீக்கிரம் மழுக்கிவிடும். இந்த அலமாரியில் ஒரு குறுக்குக் காடிக்கு ஒரு முறை உளியைத் தீட்ட வேண்டியிருந்தது. நெடுக்குக் காடி ஒன்றுக்கு மூன்று முறை.

சாணையில் 25 டிகிரி, கடைசித் தீட்டு 30 டிகிரி. கோணத்தைக் கண்ணால் பிடிக்க வராதவர்கள் இரண்டு பக்கமும் உளியைப் பிடிக்கும் சின்ன ஹோனிங் கைடை வாங்கிக்கொள்ளலாம். அதில் உளி 40 மி.மீ. வெளியே நீண்டிருந்தால் 25 டிகிரி, 30 மி.மீ. நீண்டிருந்தால் 30 டிகிரி. கல் இல்லாவிட்டால் 10 மி.மீ. கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பர்: 400, 800, 1,200, 2,000. ஒவ்வொன்றிலும் வாயின் முழு அகலத்துக்கும் பிசிறு எழும் வரை தேய்க்க வேண்டும். விரலை வாயிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவினால் பிசிறு தட்டுப்படும். ஓரிடத்தில் தட்டுப்படாவிட்டால் அந்த இடம் இன்னும் தீட்டப்படவில்லை.

பலர் விட்டுவிடுவது உளியின் தட்டைப் பக்கத்தை. புது உளியின் தட்டைப் பக்கம் தட்டையாக இருப்பது அபூர்வம். வாயிலிருந்து 30 மி.மீ. வரையாவது கண்ணாடி போல ஆக்க வேண்டும். காடிச் சுவரை நேராகச் செதுக்கும்போது வழிகாட்டுவது அந்தப் பக்கம்தான். அது உருண்டிருந்தால் சுவரும் உருளும். இந்த வேலை உளி ஒன்றுக்கு ஒரு முறைதான், அரை மணி நேரம் ஆனாலும் செய்துவிட வேண்டும்.

மின்சாணையில் பிடிக்கும்போது வாயில் நீலம் பாரித்தால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் முழுவதும் போகும் வரை தேய்த்துத் தள்ள வேண்டும், இந்த முறை இரண்டு நொடிக்கு ஒரு தரம் தண்ணீரில் நனைத்து.

கூர் வந்ததா என்று பார்க்க நகத்தில் உரச வேண்டாம். ஒரு பைன் துண்டின் வெட்டுமுனையில், நார் நிமிர்ந்து நிற்கும் முகத்தில், கையால் தள்ளிச் செதுக்கிப் பார்க்க வேண்டும். முகம் மெழுகு போல வந்தால் சரி. வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் மறுபடியும் கண்ணாடிக்குப் போக வேண்டும்.

குறியிடுதல்

பக்கப் பலகை இரண்டையும் புத்தகம் திறந்தது போல, பின் ஓரங்கள் ஒட்டியிருக்கும்படி, பக்கத்துப் பக்கமாகப் படுக்கவைத்துக் கிளாம்ப் போட வேண்டும். ஒரே மூலைமட்டக் கோட்டில் இரண்டு பலகையிலும் குறி விழும். தனித்தனியாக அளந்தால் ஒரு மி.மீ. தவறினாலும் தட்டு சாய்ந்து நிற்கும்.

கீழ் முனையிலிருந்து தட்டின் அடிப்பக்கக் கோடுகள்: 40, 400, 670 மி.மீ. இதில் கீழ்த்தட்டுக்கு மேல் 340 மி.மீ. இடைவெளி கிடைக்கிறது, விளக்கு அங்கேதான். நடுவில் 250, மேலே 210.

இங்கே அளவுகோல் அடிப்பக்கக் கோட்டுக்கு மட்டும். முதல் கோட்டைக் கத்தியால் போட்டதும், காடிக்குள் போகப்போகும் அதே தட்டை அந்தக் கோட்டில் நிமிர்த்தி வைத்து, அதன் மறுபக்கத்தில் கத்தி நுனியால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளியில் மூலைமட்டத்தைச் சேர்த்து இரண்டாம் கோடு. 20 மி.மீ. என்று இழைத்த தட்டு ஒன்று 19.8 இருக்கும், இன்னொன்று 20.3 இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் அதன் காடிக்கும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதிவிட வேண்டும், எந்த முனை இடது என்பதும் சேர்த்து.

கத்திக் கோடு மூன்று நடையில். முதல் நடை தொட்டும் தொடாமலும். அதில் அழுத்தினால் கத்தி நார்ப் பள்ளத்தில் விழுந்து கோணும். இரண்டாவதில் கொஞ்சம் அழுத்தம், மூன்றாவதில் நல்ல அழுத்தம். ஆழம் அரை மி.மீ. வந்தால் போதும். கோடு முன் ஓரத்துக்கு 12 மி.மீ. முன்னால் நிற்க வேண்டும், கை வழுக்கி ஓரம் வரை போகக் கூடாது. அங்கே ஒரு ஜி கிளாம்பை நிறுத்தி வைத்தால் கத்தி தானாக நிற்கும்.

ஆழம் 7 மி.மீ. பலகைக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் பக்கப் பலகை காடிக்குப் பின்னால் மெலிந்துவிடும், 5 மி.மீ.க்குக் குறைந்தால் தட்டு தாங்கும் விளிம்பு போதாது.

நெடுக்குக் காடி

இதைத்தான் முதலில் வெட்ட வேண்டும். குறுக்குக் காடிகளை முன்பே வெட்டிவிட்டால் கேஜும் உளியும் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழும்.

பின் ஓரத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி ஒரு கோடு, 16 மி.மீ.யில் இன்னொன்று. மேல் முனை திறந்திருக்கும், கீழ் முனைக்கு 25 மி.மீ. முன்னால் காடி நிற்கும். கடையில் 6 மி.மீ. என்று வாங்கிய பிளைவுட் காலிப்பரில் 5.7 காட்டியது. 6 மி.மீ. உளியின் அகலமே காடியின் அகலம் என்று வைத்துக்கொண்டால் பலகை தாராளமாக இறங்கும்.

கேஜின் ஆணி, கடையில் வந்தபடி கூம்பாக இருந்தால், நார் வழியே போகும்போது நாரைக் கிழித்து அதன் போக்கில் இழுத்துக்கொண்டு போகும். அரத்தால் ஆணியின் இரு பக்கத்தையும் தேய்த்துச் சின்னக் கத்தி நுனியாக ஆக்கிவிட வேண்டும். இங்கும் மூன்று நடை, முதல் நடை இலேசாக.

இந்தக் காடியில் ஆபத்து ஓரத்து 10 மி.மீ. உதடுதான். உளி ஆப்பு போல இறங்கும். நார் நீளவாக்கில் இருப்பதால் உதடு அப்படியே பிளந்து வெளியே சாயும். பின் ஓரத்தை ஒட்டி நேரான இன்னொரு பலகையை வைத்து, 250 மி.மீ.க்கு ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் உதடு அசைய இடமிருக்காது.

வெட்டும் முறை: கீழ் முனையில், நிற்கும் கோட்டுக்கு 2 மி.மீ. உள்ளே தொடங்க வேண்டும். உளியைக் காடிக்குக் குறுக்காக நிமிர்த்தி, கொட்டாப்புளியால் ஒரே தட்டில் 2 மி.மீ. ஆழம். அங்கிருந்து 4 மி.மீ. பின்வாங்கி அடுத்த வெட்டு. உளியின் சரிவுப் பக்கம் எப்போதும் முந்தைய வெட்டைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் சில்லு அந்த வெற்றிடத்துக்குள் தள்ளப்படும். ஒரு அடுக்குக்கு ஏறத்தாழ 220 வெட்டு. முழு நீளமும் வெட்டி முடித்ததும் உளியைக் கவிழ்த்து, சரிவுப் பக்கம் கீழே இருக்க, தள்ளிக்கொண்டே போனால் சில்லுகள் வரிசையாகக் கிளம்பும். மூன்று அடுக்கில் 6 மி.மீ. வரும், கடைசி ஒரு மி.மீ. தரை சீராக்க.

சில்லைக் கிளப்ப உளியைச் சுவரின் மேல் விளிம்பில் ஊன்றி நெம்பக் கூடாது. விளிம்பு நசுங்கி வட்டமாகும், காடி மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் தெரியும். ஊன்றுவது உளியின் சரிவு முதுகில், காடியின் தரையில் மட்டும்.

நார் ஓட்டத்தைப் பலகையின் ஓரத்தில் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். நார் உளி போகும் திசையில் கீழே இறங்கினால் உளி தரையைக் குடைந்துகொண்டு போகும், 7 மி.மீ. கேட்டால் 10 வரும். அந்த இடம் வந்ததும் திசையைத் திருப்பி மறுமுனையிலிருந்து தள்ள வேண்டும். தேக்கில் ஒரே பலகையில் இரண்டு மூன்று இடத்தில் ஓட்டம் மாறுவது உண்டு. சில்லு நீளமாக, உளிக்கு முன்னால் பிளந்துகொண்டு ஓடினால் அதுதான் எச்சரிக்கை. ஒரு காடிக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.

குறுக்குக் காடி

நார் இங்கே காடியின் குறுக்கே ஓடுகிறது. நடுவில் இருக்கும் மரம் 20 மி.மீ. நீளத் துண்டு நார்கள்தான், இரண்டு பக்கமும் அறுத்துவிட்டால் தானாகவே உதிரும். ஆகவே கவனம் எல்லாம் சுவரில்.

முதலில் கத்திக் கோட்டுக்கு ஒரு படி அமைக்க வேண்டும். 19 மி.மீ. உளியைக் கழிவுப் பக்கத்திலிருந்து, அதாவது வெட்டி எடுக்கப்போகும் மரத்தின் பக்கத்திலிருந்து, கோட்டை நோக்கிச் சாய்வாகக் கையால் தள்ளினால் கோட்டோரம் ஒரு மெல்லிய முக்கோணச் சீவல் வரும். கோட்டின் ஒரு பக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் சரிவு. இந்தப் படியில் ரம்பத்தை வைத்தால் அது சுவரைச் சாய்ந்துகொண்டு ஓடும், வழுக்காது.

அடுத்து முன் முனை. ரம்பம் ஓட இடம் வேண்டும் என்பதால், நிற்கும் கோட்டிலிருந்து 40 மி.மீ. நீளத்துக்கு முழு ஆழமும் உளியாலேயே குழி எடுக்க வேண்டும். 12 மி.மீ. உளி. இங்கேதான் பெரும்பாலான காடி கெடுகிறது. உளியைச் சரியாகக் கோட்டில் வைத்து, சரிவுப் பக்கம் கழிவைப் பார்த்திருக்க, ஓங்கித் தட்டினால் என்ன ஆகும்? சரிவு ஒரு ஆப்பு. அதற்கு முன்னால் இருக்கும் மரம் அசையாது, ஆகவே உளி பின்பக்கமாக, கோட்டைத் தாண்டித் தள்ளப்படும். கோட்டில் வைத்துத்தானே தட்டினோம், எப்படி அரை மி.மீ. அகன்றது என்று தேடுவதற்கு விடை இதுதான். ஆகவே முதல் வெட்டுகள் கோட்டுக்கு 2 மி.மீ. உள்ளே. கழிவை எடுத்து, சரிவுக்கு முன்னால் வெற்றிடம் வந்த பிறகே, கடைசி 2 மி.மீ.யை அரை மி.மீ. அரை மி.மீ.யாக, கோடு வரை. கோட்டில் வைக்கும் கடைசி வெட்டுக்குக் கொட்டாப்புளியே வேண்டாம், தோளைச் சாய்த்து அழுத்தினால் போதும்.

உளி நேராக நிற்கிறதா என்பதை மூலைமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம். எதிரே இருந்து பார்ப்பவர் சொன்னால் இன்னும் நல்லது.

குழி ஆனதும் ரம்பம். பின் ஓரத்திலிருந்து குழி வரை, இரண்டு சுவரும். ரம்பத் தட்டில் பல்லிலிருந்து 7 மி.மீ. உயரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் ஆழம் தெரியும். டேப்பை நம்பி வேகமாக இழுத்தால் இரண்டு முனையும் ஆழமாகி நடு மேடாகும்; கடைசியில் பத்து இழுப்பு ரம்பத்தைத் தரைமட்டமாகப் பிடித்து இழுக்க வேண்டும்.

பிறகு கழிவு. 19 மி.மீ. உளி, பின் ஓரத்திலிருந்து உள்நோக்கி. உள்ளிருந்து ஓரத்தை நோக்கித் தள்ளினால் ஓரத்து மரம் பெயர்ந்து விழும், ஒருபோதும் கூடாது. சரிவுப் பக்கம் மேலே, உளியைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, இரண்டு மி.மீ. இரண்டு மி.மீ.யாக. நெடுக்குக் காடிக்கு வெளியே நிற்கும் 10 மி.மீ. துண்டு முதல் தட்டிலேயே கழன்றுவிடும். முன்பக்கக் குழியிலிருந்தும் உள்நோக்கி அதே போல. நடுவில் ஒரு மேடு மிஞ்சும். அதைக் கடைசியில் உளியைப் படுக்கவைத்துச் சீவ வேண்டும்.

கை விஷயம்: பலகை கிளாம்பில், இரண்டு கையும் உளியில். பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் தள்ளும் பழக்கம்தான் உள்ளங்கையைக் கிழிக்கிறது. மழுங்கிய உளிக்கு அதிக பலம் கொடுக்க வேண்டியிருப்பதால், வழுக்கும்போது அதுவே ஆழமாக வெட்டும்.

சத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. கொட்டாப்புளி விழும் இடம் மேசைக் காலுக்கு நேர் மேலே இருந்தால் பலகை அதிராது, ஒரே தட்டில் வெட்டும் விழும். மேசைக் காலின் அடியில் மடித்த ரப்பர் மேட் போட்டுவிட்டால் கீழ் வீட்டுக்குக் கேட்பது வெகுவாகக் குறையும். மதியத் தூக்க நேரத்தில் ரம்பமும் தீட்டலும் வைத்துக்கொள்ளலாம்.

தரையைச் சமமாக்க

உளியால் மட்டும் 7 மி.மீ. தரை சீராக வராது. காடித் தரையைச் சீவும் ரவுட்டர் பிளேன் வாங்காமல் செய்துகொள்ள வழி இருக்கிறது. 180 × 80 × 40 மி.மீ. ஷீஷம் கட்டை, அடிப்பக்கம் தட்டையாக இழைத்தது. 5 மி.மீ. ஆலன் கீ ("எல்" வடிவ அறுகோணச் சாவி) ஒன்று. அதன் குட்டைக் காலின் அடியைக் கல்லில் தட்டையாக்கி, நுனியை மேல்பக்கமாக 30 டிகிரி சாய்த்துக் கூராக்க வேண்டும். சாணையில் நீலம் பாரிக்கக் கூடாது, அதே விதிதான். கட்டையின் நடுவில் செங்குத்தாக ஒரு துளையிட்டு நீளக் காலை நுழைத்து, பக்கத்திலிருந்து எம்6 போல்ட்டால் இறுக்க வேண்டும். போல்ட்டுக்கான நட்டை எபாக்ஸி போட்டுக் கட்டைக்குள் புதைத்துவிடலாம். குட்டைக் கால் மேலே ஏற இடம் வேண்டும் என்பதால் கட்டையின் அடியில் 10 மி.மீ. பள்ளம் எடுத்து முன்பக்கம் திறந்து விட வேண்டும். சீவல் வெளியேறவும் அதுதான் வழி.

கட்டை காடியின் இரு கரையிலும் தங்கி நகரும், கீ நுனி தரையைச் சுரண்டும். முதலில் 6 மி.மீ.க்கு வைத்து மேட்டை எல்லாம் எடுத்துவிட்டு, பிறகு 7. ஒரே தடவை 7 வைத்தால் மேட்டில் மாட்டிக் கட்டை துள்ளும். ஐந்து மி.மீ. கீ நெடுக்குக் காடிக்குள்ளும் போகும் என்பதால் இரண்டுக்கும் இது ஒன்றே போதும்.

எல்லாக் காடிக்கும் ஒரே ஆழம் என்பது முக்கியம். இடது காடி 7, வலது காடி 6 என்றால் தட்டின் நீளம் உள்ளே ஒரு மி.மீ. மிஞ்சி, அலமாரி அந்த இடத்தில் புடைக்கும். தட்டின் நீளம் 574 மி.மீ.: உள் அகலம் 560, இரு பக்கமும் 7.

தட்டின் முன் மூலைகளில் ஒரு வெட்டு வேண்டும், காடி முன் ஓரம் வரை வராததால். 7 மி.மீ. உள்ளே, நீளம் 12க்குப் பதில் 14. அந்த 2 மி.மீ. ஏன் என்பது அடுத்து.

இறுக்கம் எவ்வளவு: மாதத்தைப் பார்க்க வேண்டும்

சென்னையில் கற்ற கை தில்லியில் தவறுவது இங்கே. மே மாத மதியத்தில் தில்லிக் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும், ஆகஸ்டில் 70ஐத் தாண்டி நிற்கும். மரத்தின் உள் ஈரம் அதைத் தொடர்ந்து ஏறத்தாழ 6 சதவீதத்துக்கும் 13க்கும் இடையில் போய்வரும்.

பச்சை மரத்திலிருந்து முழுக்கக் காயும்போது தேக்கு ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும், நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கிய போக்கில் 2.5 சதவீதமும் சுருங்கும். நீளவாக்கில் கணக்கில் கொள்ளும் அளவுக்கு எதுவுமில்லை. இதை 7 சதவீத ஈர மாற்றத்துக்குப் பிரித்தால், 20 மி.மீ. கனமுள்ள தட்டு, அறுத்த விதத்தைப் பொறுத்து 0.12லிருந்து 0.28 மி.மீ. வரை தடிக்கும். காடியின் அகலமோ பக்கப் பலகையின் நீளவாக்கில் இருக்கிறது, அது மாறாது. தட்டு மட்டும் தடித்து, காடி அப்படியே இருந்தால், இறுகி நெரிபடும். மெல்லிய பக்கப் பலகையாக இருந்தால் காடிக்குப் பின்னால் வளைந்து கொடுக்கும்.

ஆகவே மே, ஜூனில் வெட்டும் காடியில் தட்டோடு சேர்த்து இரண்டு ஏ4 தாள் நுழைய வேண்டும். தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. ஆகஸ்டில் வெட்டினால் தாளே நுழையக் கூடாது, கையால் அழுத்தி இறக்கும் இறுக்கம் இருக்க வேண்டும், அது காய்ந்ததும் தானாகத் தளரும். நவம்பர் சமயத்தில் ஒரு தாள்.

ஆழவாக்கிலும் இதே கணக்கு. 280 மி.மீ. பக்கப் பலகையும் தட்டும் ஒரே திசை நார் என்பதால் சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும். ஆனால் இரண்டும் ஒரே மரத்தில் ஒரே விதமாக அறுத்தவை இல்லையென்றால் வித்தியாசம் வரும். அதற்குத்தான் முன் மூலை வெட்டில் 2 மி.மீ.யும், தட்டுக்கும் பின்பலகைக்கும் நடுவில் 2 மி.மீ.யும். தட்டின் ஆழம் 262.

பொருத்தம் சரியில்லாதபோது காடியைத் தொடக் கூடாது. இறுக்கமாக இருந்தால் தட்டின் அடிப்பக்கத்தை இழைப்புளியால் ஒரு சீவல், மறுபடி பார்க்க, இன்னொரு சீவல். காடிச் சுவரைச் செதுக்கத் தொடங்கினால் நேர்க்கோடு போய்விடும், தட்டுக்கு மேலே கருப்பு இடைவெளி கண்ணில் குத்தும். தொளதொளவென்று இருந்தால் அதே மரத்தின் இழைத்த சீவலைத் தட்டின் அடிப்பக்கத்தில், முனையிலிருந்து 20 மி.மீ. அகலத்துக்கு ஒட்டி, காய்ந்த பிறகு தேவைக்கு இழைக்க வேண்டும். மரத்தூளும் பசையும் குழைத்துக் காடிக்குள் நிரப்புவது கண்ணுக்கு மறைக்கும், சுமை தாங்காது.

ஒட்டுதல்

தேக்கில் எண்ணெய் இருக்கிறது. ஒட்டுவதற்குச் சற்று முன்பு காடியையும் தட்டு முனையையும் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, ஆவியான உடனே வெள்ளைப் பசை. ஜனவரி இரவில் பால்கனியில் ஒட்டக் கூடாது. குளிரில் பசை ஒட்டும் படலமாகாமல் சுண்ணாம்பு போல வெளுத்து உதிரும். அறைக்குள், மதியத்தில்.

தட்டின் வெட்டுமுனை காடித் தரையைத் தொடுகிற ஒட்டு பலமானது இல்லை. சுமையைத் தாங்குவது காடியின் கீழ்ச் சுவர்தான், பசை தட்டை இடம் மாறாமல் பிடித்துக்கொள்வதற்கு. ஆகவே பசையைக் கொட்ட வேண்டாம், சுவர்களில் மெல்லிய பூச்சு. அதிகமானால் தரையில் தேங்கி, தட்டு முழு ஆழம் இறங்காது.

முதலில் பசையில்லாமல் ஒரு முறை முழுக்கக் கூட்டிப் பார்த்துவிட்டு, கழற்றி, பசை போட்டுக் கூட்ட வேண்டும். மூன்று தட்டுக்கும் முன்னும் பின்னுமாக ஆறு கிளாம்ப். கைவசம் ஜி கிளாம்ப் மட்டுமென்றால் 600 மி.மீ. எட்டாது; கயிறு கட்டி நடுவில் குச்சி நுழைத்து முறுக்கி இறுக்கலாம், ஓரங்களில் அட்டை வைத்து. உடனே மூலைக்கு மூலை அளக்க வேண்டும். வெளிப்பக்கக் குறுக்களவு இரண்டும் 1,082 மி.மீ. வர வேண்டும். ஒன்று நீண்டிருந்தால் அந்த இரண்டு மூலைகளுக்கும் நடுவில் ஒரு கயிறு போட்டு முறுக்கி இழுத்தால் சரியாகும், பசை இறுகும் முன் பத்து நிமிடத்துக்குள்.

அடுத்த நாள் பின்பலகை. அகலம் 572, உயரம் 874. பக்கத்துக்கு ஒரு மி.மீ. இடைவெளி. இதற்குப் பசை கிடையாது. மேலிருந்து காடிக்குள் இறக்கும்போது பாதியில் மாட்டினால் சுத்தியால் தட்ட வேண்டாம், வெளியே இழுத்து ஓரத்தில் பளபளப்பு எங்கே தெரிகிறது என்று பார்த்தால் அங்கேதான் காடியில் சில்லு மிஞ்சியிருக்கிறது. 6 மி.மீ. உளியை அந்த இடத்தில் ஒரு முறை ஓட்டிவிட்டு மறுபடி இறக்கினால் கீழ் முனை வரை தன் எடையிலேயே போய் உட்காரும். அதன் பிறகு மூடுபலகையைத் திருகாணி போட்டு இறுக்கலாம்.